ஒட்டுக்குக் கீழே துளிர்த்தது

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நான்காம் வகுப்புக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில், ஆடிப்பெருக்குக்கு மறுநாள் தொடங்கி, ஞாயிறுதோறும் ஒரு சப்போட்டாச் செடியின் உயரத்தையும் இலைகளையும் குறித்திருக்கிறேன்.

சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் சித்தப்பா தோட்டம் போட்ட வருடம் அது. நாற்பது ஒட்டுச்செடி கேட்டவருக்குப் பன்னிரண்டுதான் கிடைத்தது. சப்போட்டாவைப் பாலை மரக் கன்றின்மேல்தான் ஒட்டுவார்கள். பாலைக் கன்றுக்கு எங்கும் பஞ்சம் என்று சித்தி அலுத்துக்கொண்டது எங்கள் காதிலும் விழுந்தது. வந்ததில் அக்காவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று சித்தப்பா ஒதுக்கினார். யார் செடி முதலில் பழுக்கிறதோ அவருக்கு பைக்கில் கொல்லிமலைச் சவாரி.

என் செடியில் ஒட்டுக்கு மேலே இருந்த கிளை மார்கழி வரை மூன்றே இலை விட்டது. ஒட்டுக்குக் கீழே புதிதாக ஒன்று துளிர்த்துப் பளபளவென்று ஏறியது. மேலே இருப்பதுதான் சத்தைத் தின்கிறது என்று முடிவுகட்டி, பொங்கல் விடுமுறையில் சித்தியின் கத்தரியால் அதை வெட்டி எறிந்தேன். நோட்டில், "இடைஞ்சல் நீக்கப்பட்டது."

மாட்டுப் பொங்கலன்று சித்தப்பா செடி முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"ஏஞ் சாமி, மேல இருந்தது எங்க?"

"அது நோஞ்சானுங்க சித்தப்பா. வெட்டிட்டேன்."

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சப்போட்டாவ வெட்டிப்போட்டுப் பாலைக்குத் தண்ணி ஊத்தறா பாருங்க சித்தி."

"புடுங்கிப்போட்டு வேற வெச்சுருங்க," என்றார் சித்தி.

"இருக்கட்டும் உடு," என்று சித்தப்பா கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

அன்றைய குறிப்பு: "சித்தப்பா பாவம் பார்த்து விட்டுவிட்டார்."

மூன்றாம் வருடம் அக்காவின் செடி பழுத்தது. கொல்லிமலைக்கு எங்கள் இருவரையுமே கூட்டிப்போனார். எழுபது வளைவுகளையும் நான்தான் எண்ணினேன். அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். அந்தச் சவாரியையும் பாவம் பார்த்த கணக்கில்தான் எழுதினேன்.

என் மரம் காய்த்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். வேப்பம்பழம்போல மஞ்சளாகச் சின்னச் சின்னப் பழங்கள். சித்தப்பா அடியில் பழைய சேலையை விரித்து, குருவிகளுக்கு முந்திக்கொண்டு எல்லாவற்றையும் பொறுக்கி விதை எடுத்தார். கிணற்றுமேட்டில் இன்று காய்த்துக் குலுங்கும் சப்போட்டாக்கள் அத்தனையும் அந்த விதைகள் முளைத்த பாலைக் கன்றுகளின்மேல் அவரே ஒட்டியவை.

நோட்டில் அந்த வரியை நான் இன்னும் அடிக்கவில்லை. ஒன்பது வயதில் எனக்குப் பாவம் பார்ப்பது என்றால் என்னவென்று தெரிந்திருந்தது. வெட்டுப்பட்ட ஒரு செடியின் முன் உட்கார்ந்தபடியே ஒருவர் பத்து வருடம் தள்ளி யோசிக்க முடியும் என்பது தெரிந்திருக்கவில்லை.