அனாசியா அம்மா சொல்லாத ‘ஆனா’

மலையடிவார ஊரான மோஷியில் யாரிடம் நலம் கேட்டாலும் முதல் பதில் “நல்லாருக்கு”தான். வீடே பற்றி எரிந்தாலும் அப்படித்தான். நல்லாருக்கு என்று சொல்லி, ஒரு மூச்சு விட்டு, பிறகுதான் “ஆனா…” என்று இழுப்பார்கள். விஷயமே அந்த ஆனாவுக்கு அப்புறம்தான் வரும். செயற்கைக்கால் செய்யப் படிக்கும் ஐகா, நாலு வருஷமாக அதற்குக் காத்திருந்து பழகியவள்.

அன்று கடைசி செய்முறைத் தேர்வு. அனாசியா அம்மாவுக்கு அவள் செய்த கால் தேறினால் பட்டம். இல்லையென்றால் முழு வருஷமும் திரும்பப் படிக்க வேண்டும். காலையிலிருந்து அவளுக்கு உள்ளங்கை வேர்த்துக்கொண்டே இருந்தது.

அனாசியா அம்மா வாழைத்தார் விற்கிறவர். மோட்டார் சைக்கிள் மோதி முழங்காலுக்குக் கீழே கால் போயிற்று. வாய் மட்டும் முழுசாக இருந்தது. ஒரு மாதமாக அளவெடுக்கக் காலில் மாவுக்கட்டு போடும்போதெல்லாம், “மாவு சில்லுன்னு இருக்குடி, என்னைப் பொணம்னு நெனச்சியா?” என்று வைவார். அன்று என்னவோ பேச்சே இல்லை. புதுக் காலை மாட்டிக்கொண்டு, பிடித்து நடக்கிற இரண்டு கம்பிகளுக்கு நடுவே போனார், திரும்பினார், வந்தார்.

“எப்படிம்மா இருக்கு?” என்றார் தேர்வாளர் ஞாகி.

“நல்லாருக்கு சார்.”

ஐகா காத்திருந்தாள். ஆனா வரவில்லை. அனாசியா அம்மா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

“வலி ஏதும்?”

“ஒண்ணுமில்ல. தங்கமான பொண்ணு சார், நல்ல மார்க்கா போடுங்க.”

ஞாகி தலையாட்டி மார்க்கைப் போட்டார். திரும்பும்போது அம்மா வலிக்கிற மாதிரி இடுப்பை ஒரு பக்கமாகச் சாய்த்தது ஐகாவின் கண்ணில் பட்டிருந்தது. அட பாவி, சும்மா இருந்தால் பட்டம் கையில்! யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் இந்தக் காலோடு மலை ஏறி இறங்கப்போவது ஞாகியா, அவளா? அனாசியா அம்மாதானே!

“சார், ஒரு நிமிஷம். காலைக் கழட்டிப் பாக்கணும்.”

“போடி பைத்தியக்காரி!” என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார் அனாசியா அம்மா. “நல்லாருக்குன்னு சொல்றேன்ல!”

ஐகா கழற்றினாள். கறுத்த தோலில் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, சூட்டைப் புறங்கைதான் கண்டுபிடிக்கும். முழங்காலின் வெளிப்பக்கத்து எலும்பு மேட்டில் கையை வைத்தாள். அடுப்பில் வைத்த கல் மாதிரி சுட்டது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. கால் நுழையும் பிளாஸ்டிக் கூட்டை மாவு அச்சின் மேல்தான் வார்ப்பார்கள்; அந்த மேடு அழுந்தாமல் இருக்க, அச்சில் அந்த இடத்தில் கூடுதலாகப் பூச வேண்டும். பூசத்தான் செய்தாள். அப்புறம் பயத்தில், வழவழவென்று இருக்கட்டும் என்று உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, பூசியதையெல்லாம் அவளே கரைத்துவிட்டாள். அச்சு அழகாயிற்று, காலுக்கு இடமில்லாமல் போயிற்று.

“என் தப்பு சார். இங்க அழுத்துது,” என்றாள்.

ஞாகி புறங்கையை வைத்துப் பார்த்தார். போட்ட மார்க்கை அடித்தார். ஐகாவின் கண் நிறைந்துவிட்டது.

“இப்ப எதுக்கு அழுகை? தேர்வு முடிய நாப்பது நிமிஷம் இருக்கு. போய்ச் சரி பண்ணு.”

பட்டறைக்கு ஓடினாள். பிளாஸ்டிக் கூட்டில் அந்த இடத்தை மட்டும் சூடாக்கி, இளகியதும் உள்ளேயிருந்து வெளியே தள்ளினாள். கொஞ்சம் அதிகமாகத் தள்ளினாலும் கூடு கெட்டுப்போகும். ஆறட்டும் என்று பிடித்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவே பயந்து நின்றாள்.

மாட்டினாள். அனாசியா அம்மா போனார், வந்தார், இன்னொரு தடவை போனார். இடுப்பு சாயவில்லை. மறுபடி கழற்றி, ஞாகிக்கு முன்னாலேயே புறங்கையை வைத்தாள். தோல் குளிர்ந்துதான் இருந்தது. ஆனாலும் அம்மா வாயால் கேட்க வேண்டும்.

“எப்படிம்மா இருக்கு? இந்தத் தடவை எனக்காகப் பொய் சொல்லாத.”

“நல்லாருக்கு,” என்றார் அனாசியா அம்மா. ஒரு மூச்சு விட்டார். “ஆனா…”

ஐகாவுக்கு உயிரே போய்விட்டது. ஞாகியின் பேனாவும் நின்றது.

“ஆனா பசிக்குதுடி! உனக்குப் பரீட்சைன்னு எனக்கு வயித்தக் கலக்கி, காலையிலேருந்து ஒரு வாய் கஞ்சி உள்ள எறங்கல.”

ஞாகி சிரித்துக்கொண்டே மார்க்கைப் போட்டார். ஐகா அங்கேயே தரையில் உட்கார்ந்து, அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.