எழுத்துப்பிழை இல்லாத பட்டம்

என் அத்தான், அதாவது அக்கா வீட்டுக்காரர், பதினோரு வருஷம் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பதிவாளராக இருந்தார். கடல் தாண்டிய அந்தப் பல்கலைக்கழகம் ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. முன்னறை பயிற்சி நிலையம். திரைச்சீலைக்குப் பின்னால் பல்கலைக்கழகம். நிலையம் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினால், அத்தானே எழுந்து திரையைத் தாண்டிப் போய்ப் பிரித்துப் படிப்பார். மனுஷனுக்கு அதில் கூச்சமே கிடையாது.

பட்டம் வாங்க வந்தவர்கள் யாரும் புத்தகத்தைத் தொட்டதில்லை. அக்கா ஒருத்திதான் உண்மையாகப் படித்தாள். அவள் கம்பெனியில் மேற்பார்வையாளர் பதவிக்கு நிர்வாகப் பட்டம் வேண்டும் என்றார்கள். பன்னிரண்டு தாள்களையும் கையால் எழுதி அனுப்பினாள். ஒன்றுக்கு அறுபத்து மூன்று மார்க் வந்ததும் மறுமதிப்பீடு கேட்டாள். பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது. அத்தானுக்குப் பயிற்சி நிலையத்தில் வேலை என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். மறுத்தது யாரென்று தெரியாமல் அத்தானிடமே இரண்டு நாள் புலம்பித் தீர்த்தாள்.

அங்கே கொடுத்த பட்டங்களில் ‘யுனிவர்சிட்டி’யில் ‘எஸ்’ வர வேண்டிய இடத்தில் ‘சி’ இருக்கும். சிட்டி என்றால் நகரம்தானே என்று அச்சகக்காரர் செய்த கைங்கரியம். யாரும் கவனித்ததில்லை. படித்தவளுக்குப் பிழையோடு கொடுக்க அத்தானுக்கு மனசு வரவில்லை. தனியாகச் சொல்லி, சரியான எழுத்தோடு ஒன்று அடித்துக் கொடுத்தார்.

அக்காவின் கம்பெனியில் மேனேஜர் உட்பட ஐந்து பேர் அதே பட்டக்காரர்கள். ஐந்திலும் ‘சி’, அக்காவுடையதில் மட்டும் ‘எஸ்’. அவளுடையது போலி என்று சந்தேகப்பட்டு, நிரூபணமானால் வேலையே போய்விடும் என்று மிரட்டி, பல்கலைக்கழகத்திடம் விளக்கம் கேட்டார்கள்.

கடிதம் திரைக்குப் பின்னால் வந்து சேர்ந்தது. போலி என்றால் அக்காவின் வேலை போகும். அசல் என்றால் மற்ற ஐந்தும் சந்தி சிரிக்கும், அத்தானின் வேலையும் போகும். இரண்டுமே அசல் என்றால், பல்கலைக்கழகத்துக்குத் தன் பெயரையே எழுதத் தெரியாது என்றாகிவிடும். ஒரு நாள் முழுக்கத் திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்தாராம். கடைசியில் ஒரே வரி எழுதினார்: “எங்கள் பல்கலைக்கழகத்தில் படித்த ஒரே மாணவி இவர்தான்.”

அதுவரை அவரை மட்டமாகத்தான் நினைத்திருந்தேன். அந்த வரியைக் கேள்விப்பட்டதும் பெருமையாக இருந்தது.

மேனேஜர் கடிதத்தைப் படித்துவிட்டு மேஜை அறைக்குள் வைத்துப் பூட்டினார். சாயங்காலத்துக்குள் அக்காவுக்குப் பதவி வந்துவிட்டது. மேனேஜர் போட்ட போனில் மறுநாளே நிலைய முதலாளி அத்தானை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்.

அன்றைக்கு என் எதிரில்தான் அத்தான் அக்காவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அவள் கத்தவில்லை.

“அப்ப என் பேப்பரத் திருத்துனது யாரு?” என்று கேட்டாள்.

“நான்தான்.”

“அதுல உங்களுக்கு என்ன தெரியும்?”

“ஒண்ணும் தெரியாது. நீ எழுதுனதப் படிச்சுத்தான் நானே கத்துக்கிட்டேன்” என்றார்.