அப்பா சீக்கிரம் இறங்கிய நாள்

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது விமானம் ஏறினால் முருகன் படத்துக்கு முன்னால் நெய்விளக்கு ஏற்றி வைப்பேன். நேரத்தை மட்டும் பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்வேன். அதற்குக் காரணம் உண்டு.

அப்பா சிங்கப்பூருக்கு இரண்டு வருட வெல்டிங் வேலைக்குப் புறப்பட்டபோது எனக்கு ஏழு வயது. கோயமுத்தூரில் காலை பத்து மணிக்கு விமானம், ஐந்து மணிக்கு அங்கே இறங்கும் என்று டிக்கெட்டில் இருந்தது. கருமத்தம்பட்டியில் தறி ஓட்டிக்கொண்டிருந்த என் மாமா விரல் விட்டு எண்ணி, மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஏழு மணி நேரம் என்று சொல்லிவிட்டார். அவருக்கு மேல் கணக்குத் தெரிந்தவர் எங்கள் வீட்டில் இல்லை.

அப்பா ஆகாயத்தில் இருக்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று அம்மா மருதமலை முருகனிடம் வேண்டிக்கொண்டாள். ஐந்து மணி வரை விளக்கு அணையக் கூடாது. நெய் ஊற்றும் பொறுப்பு எனக்கு.

பெருமையாகத்தான் உட்கார்ந்திருந்தேன். இரண்டரை மணி வாக்கில் தெருவில் ஐஸ்காரர் மணியடித்தார். ஒரு சேமியா ஐஸ் வாங்கிக்கொண்டு திரும்பினால், திரி கருகிப் புகைந்துகொண்டிருந்தது. அம்மா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். சத்தமில்லாமல் மறுபடி ஏற்றிவிட்டேன். அதற்குப் பிறகு ஐஸ் இனிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மாமாவின் செல்போன் அடித்தது. அப்பாதான். இறங்கிவிட்டாராம். அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"எங்கீங்க எறங்குனீங்க? இன்னும் அஞ்சு மணி ஆகலீங்களே."

போன மாதம் கரூர் பஸ் பழுதாகி எங்களை வெள்ளகோவிலில் இறக்கிவிட்டிருந்தார்கள். அதுபோல வழியில் ஏதோ ஊரில் இறக்கிவிட்டார்கள் என்று நினைத்துவிட்டாள். எனக்கோ காரணம் தெரியும். விளக்கு அணைந்தது, விமானம் இறங்கிவிட்டது. ஓவென்று அழுது, ஐஸ் வாங்கியது முதல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அப்பா போனில் சிரித்தது எனக்கே கேட்டது. அந்த ஊர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுமாம். டிக்கெட்டில் இருந்தது அங்கத்து ஐந்து மணியாம். பறந்தது நாலரை மணி நேரம்தானாம். அப்புறம் என்னிடம் பேசினார்.

"கண்ணு, நீ ஐஸ் தின்னதும் நல்லதாப் போச்சு. இல்லீன்னா இன்னும் மேலயே சுத்திட்டிருப்பேன்."

மாமா தன் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டு, அம்மாவுக்குச் சோறு போட்டுவைத்தார். அம்மா தொடவில்லை.

"சாமிகிட்ட அஞ்சு மணின்னு சொல்லிப்போட்டேன். நம்மூரு அஞ்சு மணிதான்."

ஐந்தும் ஆனது. நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். தண்ணீர் குடித்தாள், ஒரு வாய் சோறு உண்டாள். பிறகு வந்து, கிண்ணத்தில் மிச்சமிருந்த நெய்யையும் விளக்கில் ஊற்றிவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்தாள்.

அப்பாதான் இறங்கியாகிவிட்டதே, இன்னும் எதற்கு நெய் என்று நினைத்தேன். இரண்டு வருடம் என்பது அப்போது எனக்கு அந்த ஏழு மணி நேரத்தைவிடச் சின்னதாகத்தான் தெரிந்தது.