இருபத்துமூன்று வெறுஞ்சாக்குகள்

1956ஆம் ஆண்டு ஏப்ரல் 17, செவ்வாய்க்கிழமை முற்பகலில், சூசையப்பர்பட்டினம் புயல் நிவாரணக் கமிட்டியின் கடிதம் வேதமுத்துவின் மளிகைக்கடைக்கு வந்து சேர்ந்தது. அரைத்தாள், ஒன்பது வரி. கோயில் குடோனில் ஜனவரி முதல் திறக்கப்பட்ட கோதுமை ரவை மூட்டைகள் எண்பத்துநான்கு. இருப்பிலுள்ள வெறுஞ்சாக்குகள் அறுபத்தொன்று. மீதி இருபத்துமூன்று சாக்குகள் எங்கே என்பதை ஏப்ரல் 29, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சொல்ல வேண்டும். தவறினால் குடோன் சாவி திரும்பப் பெறப்படும். அடுத்த ஞாயிறு பூசையில் அவர் பெயர் திருடன் என்று வாசிக்கப்படும்.

மும்முறை படித்துவிட்டு, ரசீதுகள் குத்தியிருந்த கம்பியில் அதையும் குத்தினார். பதில் அவரிடம் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லத்தான் வழியில்லை.

வேதமுத்து பள்ளிக்கூடம் போனவரல்லர். தொண்டித் துறையில் மூட்டை சுமந்துகொண்டே, சாக்குகளின் மேல் அச்சடித்திருந்ததைப் பார்த்து எழுத்துக் கூட்டப் பழகியவர். நாற்பத்தாறு வயதில் சொந்தக் கடை, ஒரு வண்டி, ஊரில் ஒரு மரியாதை. 1955 புயல் அடித்த மறுநாள், கடையில் நனையாமல் மிஞ்சிய அரிசி முழுவதையும் கோயில் முற்றத்தில் கொட்டி உலை வைக்கச் சொன்னார். அதைப் பார்த்துத்தான் பங்குச் சுவாமி குடோன் சாவியை அவர் கையில் கொடுத்தார்.

நிவாரணம் மனு எழுதிக் கொடுத்த குடும்பங்களுக்கு மட்டும்தான். ரவையைச் சாக்கோடு கொடுப்பதில்லை. படியால் அளந்து அவரவர் பாத்திரத்தில் போட வேண்டும். காலிச் சாக்கு குடோனிலேயே நிற்கும். நிவாரண ரவையை அளப்பதில் வேதமுத்து ஒரு நாளும் பிசகியதில்லை. ஆனால் ஊரில் ஆறு வீடுகள் மனுக் கொடுக்கவில்லை. மானத்தை விட்டு மனு எழுத அந்த வீட்டார் வரவும் மாட்டார்கள்.

அவற்றில் முதல் வீடு ஹமீது சுல்தான் மரைக்காயருடையது. இலங்கைக்கு இரண்டு தோணி விட்டவர். பாஸ்போர்ட்டுச் சட்டம் வந்ததும் வியாபாரம் படுத்தது. எஞ்சிய ஒரு தோணியைப் புயல் பாறையில் மோதிச் சிதறடித்தது. அந்த வீட்டில் அடுப்புப் புகை வரவில்லை என்று கேள்விப்பட்டு வேதமுத்து ஒரு மூட்டை அரிசி அனுப்பினார். மூட்டை அதே வண்டியில் திரும்பி வந்தது. போதாக்குறைக்கு, சுமந்த கூலியென்று வண்டிக்காரன் கூத்தையாவின் கையில் நாலணாவும் வைத்திருந்தார் மரைக்காயர்.

அதற்குப் பிறகு வேதமுத்து கண்டுபிடித்த வழிதான் அந்தச் சாக்கு. இராமநாதபுரம் மண்டியில் தன் செலவில் கோதுமை ரவை வாங்கினார். இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் அமெரிக்க முத்திரை பதித்த நிவாரணச் சாக்கில் அதைக் கொட்டித் தைத்தார். "சர்க்கார் நிவாரணம், புயல்ல சேதப்பட்டவுக லிஸ்டுல உங்க பேரும் இருக்கு" என்று சொல்லி இறக்கும்படி கூத்தையாவிடம் சத்தியம் வாங்கி அனுப்பினார். சர்க்கார் தருவது ஈடு. கடைக்காரன் தருவது பிச்சை. மரைக்காயர் வாங்கிக்கொண்டார். மற்ற ஐந்து வீடுகளும் வாங்கிக்கொண்டன. நான்கு மாதத்தில் இருபத்துமூன்று மூட்டைகள்.

கொடுப்பது வெளியே தெரியக்கூடாது என்பது பிரசங்கத்தில் கேட்டுக் கேட்டு அவருக்குள் ஊறிப்போன ஒன்று. ஆனாலும் பொய் பொய்தானே என்று மனம் அரித்தது. ஈஸ்டருக்கு முந்தைய தவசுகாலத்தில், பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மண்டியிட்டு, "பொய்ச் சாக்கில் கொடுக்கிறேன் சுவாமி" என்று சொல்லிவிட்டார். ஊரில் உண்மை தெரிந்த மூன்றாவது ஆள் அந்தச் சுவாமி. அங்கே கேட்டதை அவர் உயிர் போனாலும் வெளியே சொல்ல முடியாது.

கடிதத்தைப் பார்த்த பிறகே மனைவி புஷ்பமேரிக்கு எல்லாம் தெரிந்தது.

"ஆறு பேரைச் சொல்லிட்டா முடிஞ்சுபோச்சு. இதுக்கா பத்து நாளாச் சோறு இறங்காம கெடக்கீக?"

"நோன்புப் பெருநா முடிஞ்சதும் மரைக்காயர் மக ஹமீதா பானுவுக்கு நிக்காஹ். கீழக்கரையில பெரிய எடம். கடைக்காரன் போட்ட ரவையைத் தின்னு கெடந்த வீடுன்னு தெரிஞ்சா வருவாகளா?"

"அவுக வீட்டு மானம் பெருசு. நம்ம வீட்டு மானம் கருவாட்டுத் தலையா, தூக்கி வீச?"

வேதமுத்து ரசீதுக் கம்பியை எடுத்தார். மண்டி ரசீதுகள் ஏழையும் தேதி வாரியாக அடுக்கித் துணிப்பையில் வைத்தார். பெயர் சொல்லாமல், அந்த ஏழு தாள்களை மட்டும் காட்டித் தப்பிவிடலாம் என்று ஒரு நப்பாசை இருந்தது.

29ஆம் தேதி கோயில் முற்றத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. கேள்வி கேட்டவர் கமிட்டி உறுப்பினரும் மேலத்தெருக் கடைக்காரருமான எட்வர்ட். தொண்டிச் சந்தையில் கருவாடு கட்டியிருந்த ஒரு நிவாரணச் சாக்கைக் கையோடு கொண்டுவந்து விரித்தார். "இது எப்படிலே சந்தைக்குப் போச்சு? காலு மொளச்சு நடந்துச்சா?"

சிரிப்பு எழுந்தது. வேதமுத்து ரசீதுகளை நீட்டினார். "நிவாரண ரவையில ஒரு படி குறையலை. இருபத்துமூணு மூட்டையும் நான் வாங்குனது. சாக்கு மட்டும்தான் குடோனுடையது."

"சரி, ஒத்துக்கிறேன். உன் ரவைக்கு அமெரிக்காக்காரன் சாக்கு எதுக்கு? கடையில சொந்தச் சாக்கு இல்லையா?"

வேதமுத்து ரசீதுகளையே மறுபடி நீட்டினார்.

"யாருக்கு வித்தே?"

"விக்கலை. இல்லாதவங்களுக்குக் கொடுத்தேன்."

"ஏலே, இல்லாதவன் பூராவும் இங்கனதான உக்காந்திருக்கோம்!" என்று கூட்டத்தில் ஒரு கிழவர் கத்தினார். "எங்களுக்கே தெரியாத இல்லாதவன் யாருலே அது?"

கூத்தையாவை எழுப்பினார்கள். எங்கே இறக்கினாய் என்று எட்வர்ட் கேட்டார். கூத்தையா வேதமுத்துவைப் பார்த்தான். வேதமுத்து வேண்டாம் என்று இலேசாகத் தலையை அசைத்தார்.

"ஞாபகம் இல்லீங்க."

"உனக்கு இல்லைன்னா உன் மாட்டைக் கேப்போமா?"

சுவாமி மேசைக்குப் பின்னால் குனிந்த தலையோடு அமர்ந்திருந்தார். "வேதமுத்து, சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கிறதா?" என்றார். சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டார். மூன்றாம் முறை கேட்டபோது அவர் குரல் உடைந்தது. உண்மை முழுதும் தெரிந்த மனிதர் கெஞ்சுகிறார் என்பது வேதமுத்து ஒருவருக்கு மட்டும் விளங்கியது.

"இல்லை சுவாமி."

சாவியை மேசைமேல் வைத்துவிட்டு நடந்தார். மே 6ஆம் தேதி பூசையில் பெயர் வாசிக்கப்பட்டது. அன்று கடைக்கு ஒரு மீனவன்கூட வரவில்லை. உப்பு வாங்க வந்த குழந்தையை அதன் தாய் பாதி வழியில் இழுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் திங்கட்கிழமை, பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு, ஹமீது சுல்தான் மரைக்காயர் கடை வாசலுக்கு வந்தார். நோன்பால் ஒட்டிய கன்னம்; சட்டை மட்டும் சலவை மடிப்புக் கலையாமல் இருந்தது. எதிரே வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள்.

"வேதமுத்து, உன் பேரை வாசிச்சாகன்னு கேள்விப்பட்டேன். நான் நம்பலை. ஆனா இந்த மாசம் சர்க்கார் மூட்டை எனக்கு வரலியே, அது ஏன்?"

"சாவி இப்ப எங்கிட்ட இல்லை மரைக்காயரே."

"அப்ப எட்வர்ட்டுகிட்டப் போறேன். லிஸ்டை எடுத்து விரிக்கச் சொல்லி என் பேரைக் காட்டி வாங்கிக்கிறேன். தோணி ஒடஞ்சதுக்குச் சர்க்கார் கொடுக்குறது. நான் என்ன யாசகமா கேக்குறேன்?"

அவர் திரும்பி நான்கு எட்டு வைத்துவிட்டார். எட்வர்ட் பட்டியலை விரிப்பார். அதில் அந்தப் பெயர் இருக்காது. இரவுக்குள் இருபத்துமூன்று சாக்குகளும் போன இடம் ஊருக்கு விளங்கிவிடும். அந்தச் சேதிக்குக் கீழக்கரை ஒரு பஸ் பயணம்தான்.  வேதமுத்து கடையிலிருந்து குதித்து ஓடி, நடுத்தெருவில் மரைக்காயர் கையைப் பிடித்தார்.

"போகாதீக. லிஸ்டுல உங்க பேரு இல்லை. நான்தான் கோடு போட்டு அடிச்சேன்."

"என்னது?"

"உங்க மூட்டையை நான் எடுத்து வித்துட்டேன்."

வலைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். கடைக்குள்ளிருந்து புஷ்பமேரி, "அய்யோ, ஏங்க..." என்று அலறியதைத் தெரு கேட்டது. அதை ஒரு திருடன் மனைவியின் அலறலாகவே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

மரைக்காயர் கையை உதறினார்.  "நோன்பு வாயி. உன்னை வைய மாட்டேன். அல்லா பார்த்துக்குவான். எடுத்ததைத் திருப்பி வையி. இப்பவே."

"வைக்கிறேன்."

"இந்த மாசத்துக்கு மட்டும் இல்லை. எத்தனை மாசம் திங்க நெனச்சியோ, அத்தனைக்கும்."

"புரட்டாசி வரைக்கும் மாசாமாசம் அனுப்புறேன் மரைக்காயரே."

"அனுப்ப வேண்டாம். இனிமே உன் வண்டியை நம்ப மாட்டேன். நானே வருவேன். எம்முன்னால அளக்கணும்."

வேதமுத்து உள்ளே போனார். ரவை வாங்கியே முதல் கரைந்துபோன கடையில் மிச்சமிருந்தது வீட்டுக்கென்று வைத்திருந்த அரை மூட்டை அரிசிதான். அதைத் தரதரவென்று வாசலுக்கு இழுத்துவந்து வாயை அவிழ்த்து, முதல் படியை அள்ளினார். ஊர் சூழ்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. சுவரில் கை ஊன்றி நின்ற புஷ்பமேரியை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஒண்ணு" என்று மரைக்காயர் உரக்க எண்ணத் தொடங்கினார்.