மாமன் வாசலில் நின்ற பத்தொன்பது நிமிடம்

பழங்காநத்தத்தில் ரேடியோ செட் வாடகைக்கு விடும் சோணை, எந்த விசேஷ வீட்டில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டினாலும் முதலில் ஒரே கேசட்டைத்தான் போட்டுப் பார்ப்பார். ஐம்பது அறுபது வயலின் ஒன்றாக இழுக்கும். பத்து விநாடிக்குள் யாராவது பாட்டைப் போடச் சொல்லிச் சத்தம் போடுவார்கள். அவரும் மாற்றிவிடுவார். வருஷக்கணக்காக இதே கதைதான் நடந்துவந்தது.

அந்தக் கேசட் துளசிராமின் கேசட் கடையில் ஏழு வருஷம் விலைபோகாமல் கிடந்தது. அட்டையில் ஒரு மீசைக்காரர். பெயர் ஆஸ்வால்ட் கிரென். நூறு வருஷத்துக்கு முந்தி ஆர்கெஸ்ட்ராவுக்கு இசை எழுதியவர், சொந்த ஊர்க்காரர்களே மறந்துபோனவர் என்று அட்டையைப் படித்துச் சொல்லி, துளசிராம் அதைச் சும்மாவே கொடுத்துவிட்டார். வீட்டு டேப்பில் கேட்ட நாளிலிருந்து சோணைக்கு ஒரே ஆசை. ஒரு தடவையாவது இதைக் குழாயில் முழுசாகக் கேட்டுவிட வேண்டும்.

2001 ஆவணியில் கீழக்குயில்குடியில் அழகம்மாள் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் விருமாண்டி ரோஷக்காரர். முந்தைய விசேஷத்தில் தான் சீரோடு நுழைந்தபோது பாட்டுப் போடவில்லை என்று தங்கையோடு இரண்டு வருஷம் பேசாதவர். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். மாமன் தலை தெரிந்ததும் பாட்டு வர வேண்டும் என்று அழகம்மாள் சோணையிடம் மூன்று தரம் சொல்லியிருந்தாள்.

தலை தெரிந்தது. மாமன் பாட்டுக் கேசட்டின் நாடா மெஷினில் சிக்கிக்கொண்டது. கைக்கு எட்டியது மீசைக்காரர்தான். சோணை போட்டுவிட்டார்.

விருமாண்டி பந்தல் வாசலில் நின்றார். பாட்டுக்கு முன்னால் மியூசிக் வருவது வழக்கம்தானே, பாடுகிறவன் குரலெடுத்ததும் காலெடுத்து வைப்போம் என்பது அவர் கணக்கு. பின்னால் சீர்த்தட்டுச் சுமந்த நாற்பது பேர் நின்றார்கள். கிடாயும் நின்றது. குரல் வரவில்லை.

அழகம்மாள் ஓடி வந்தாள். “அண்ணே, உள்ள வாண்ணே.”

“இருத்தா. பாட்டு ஆரம்பிக்கட்டும், வாரேன்.”

மாமனுக்குப் போட்ட பாட்டை நடுவில் நிறுத்துவது அவரை வெளியே போகச் சொல்வது மாதிரி. ஆகவே யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. சோணை கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். ஒரு கட்டத்தில் எல்லாம் அடங்கி ஒற்றைப் புல்லாங்குழல் மட்டும் வந்தது. இப்போது பாடிவிடுவான் என்று விருமாண்டி வலது காலைத் தூக்கினார். முரசு இடித்தது. காலை இறக்கிவிட்டார். கிடாய் தனக்கு முன்னால் நின்றவளின் தட்டிலிருந்த மாலையைத் தின்று முடித்தது.

பத்தொன்பதாவது நிமிடம் அத்தனை வாத்தியமும் சேர்ந்து அதிர்ந்து ஓய்ந்தன. சோணை அப்போதுதான் மாமன் முகத்தைப் பார்த்தார். விருமாண்டி துண்டை உதறித் தோளில் போட்டார்.

“எந்த மாமனுக்குய்யா இம்புட்டு நேரம் வாசிச்சிருக்காய்ங்க?” என்று கேட்டபடி உள்ளே போனார்.

இன்றைக்கு அந்தப் பக்கம் காதுகுத்து என்றால் தாய்மாமன்கள் பத்தொன்பது நிமிடம் வாசலில் நிற்கிறார்கள். கேசட் சோணையிடம் ஒன்றுதான் இருக்கிறது. ஒரே நாளில் இரண்டு விசேஷம் வந்தால் ஒரு வீட்டார் தேதியைத் தள்ளி வைக்கிறார்கள்.