துரையின் அம்மா கேட்ட கேல்

எங்கள் மலையூரான கோலா தெர்லாவில் சுருட்டை இலைக் கீரை என்றால் என் பெயரைத்தான் சொல்வார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவள், இன்று சொந்த லாரியில் பிரிஞ்சாங் சந்தைக்கு அனுப்புகிறேன். அந்தக் கீரையின் இங்கிலீஷ் பெயர் தண்டைக் குறிக்கும் ரோமாபுரிக்காரர்களின் பழைய சொல்லிலிருந்து வந்ததாம். பேத்தி போனில் பார்த்துச் சொன்னாள். எனக்கு அந்தப் பெயர் எழுபதுகளிலேயே தெரியும். தெரிந்த விதம்தான் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

அம்மாவுக்குத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் சமையல் வேலை. ஸ்காட்லாந்திலிருந்து வந்து தங்கியிருந்த துரையின் தாயார் பங்களாவுக்குப் பின்னால் அந்தக் கீரையை விதைத்திருந்தார். "கேல்" என்பார். இலைக்கும் அதுதான் பெயர், அதைப் போட்டுக் காய்ச்சும் சூப்புக்கும் அதுதான். அம்மாவிடம் தினமும் ஒரு கட்டு கொடுத்தனுப்புவார். சம்பளத்துக்கு முந்திய வாரங்களில் எங்களுக்கு அதுவே கறி.

மாடு வைத்திருந்த பக்கத்து வீட்டு அத்தை ஒருநாள் சட்டியை எட்டிப் பார்த்தார். "என்னா அண்ணி, மாட்டுக்கு வச்சத நீங்க திங்கிறீங்களா?" லயத்து வீட்டு வரிசையே சிரித்தது. எனக்கு உடம்பு கூசிப்போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே துரையின் தாயாரான அந்தக் கிழவி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் கீரைச் சட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, தீபாவளிக்கென்று வைத்திருந்த சார்டின் டின்னை உடைத்துத் தட்டில் கொட்டினேன். அம்மா கண்ணாலேயே அதட்டினார். விருந்தாளி முன்னால் வேறென்ன செய்வார்?

கிழவி முக்காலியில் உட்கார்ந்து தட்டைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் மெதுவாக, "கேல்?" என்றார்.

அம்மா வாய் திறக்குமுன் நான் பக்கத்து வீட்டு மாட்டைக் காட்டி, மாடுதான் அதைத் தின்னும் என்று அரைகுறை இங்கிலீஷில் சொன்னேன். "கௌ ஈட், மேடம்."

அவர் மீனைத் தொடவில்லை. என் கன்னத்தைத் தட்டிவிட்டு எழுந்து போனார். மறுநாளிலிருந்து கட்டு வரவில்லை.

அம்மா என்னை அடிக்கவில்லை. "அவங்களும் கூலி வூட்டுப் புள்ளதான்டி. சின்னதுல அந்தக் கீரைய விட்டா அவங்களுக்கு வேற ஒன்னும் கெடயாதாம். அவங்க ஊர்ல மத்தியானச் சாப்பாட்டுக்கே கேல்னுதான் பேராம். நம்மகூட ஒக்காந்து ஒரு வாய் சாப்புடலாம்னு வந்துச்சு அந்த மனுசி" என்றார்.

நான் நம்பவில்லை. துரையைப் பெற்றவளாவது, கூலி வீட்டில் பிறப்பதாவது? வெள்ளைத் தோலுக்குள் பசி இருந்திருக்கும் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.