கைநீட்டத்துக்கு முன் கேட்ட கேள்வி

தலையில் சுமந்து வந்த மீன் பாத்திரத்தை, அந்தச் சருவத்தை, வாசலில் இறக்கியதும் குளோரி மீனைக் காட்டமாட்டாள். தோள்பையிலிருந்து ஒரு இங்கிலீஷ் ரிப்போர்ட்டை உருவி நாற்பத்தொன்றாம் பக்கத்தை விரிப்பாள். அதில் அவளே சிரித்துக்கொண்டிருப்பாள். "எனக்க படந்தான். கீழ கெடக்கியதும் எனக்க வாயில வந்ததுதான். ஆனா அது பொய்யி" என்று சொன்ன பிறகுதான் நெத்திலிக்கு வருவாள்.

வயது ஐம்பத்திரண்டு. இராஜாக்கமங்கலத்துக்குத் தெற்கே கடற்கரையில் வீடு. புருஷன் மரியானின் வள்ளம் கரையேறுவது வீட்டுக்கு நேர் எதிரே. பூனைக்கென்று மீன்தலை கேட்கிற வீடுகளில், பூனை உண்டா என்று அடுக்களைவரை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாள்.

அந்தக் கரையில் மணல் அள்ள ஒரு கம்பெனி அனுமதி கேட்டது. உடனே டில்லியிலிருந்து ஒரு கொள்கை ஆய்வு மையம் புறப்பட்டு வந்தது. அதற்காகக் கணக்கெடுத்தவர் மார்த்தாண்டத்து அனில்குமார். காலை ஏழு மணிக்கு ஏலம் நடக்கும் இடத்தில் நின்றுகொண்டு, மீன் கிடைக்கிறதா என்று நாற்பது பெண்களைக் கேட்டார். மாதாவின் கிருபையில் நிறையக் கிடைக்கிறது என்று நாற்பது பேரும் சொன்னார்கள்.

வேறென்ன சொல்வார்கள்? கைநீட்டம், அதாவது அன்றைய முதல் விற்பனை, ஆகும்முன் 'இல்லை' என்று இந்தக் கரையில் எவளும் வாய் திறக்கமாட்டாள். சொன்னால் அன்றைக்கு வியாபாரம் படுத்துவிடும் என்பது நம்பிக்கை. இரண்டு மணி நேரம் பொறுத்து அதே பெண்களைக் கேட்டிருந்தால், மீன்பாடு பாதியாகிவிட்டதென்று மூக்கைச் சிந்தியிருப்பார்கள்.

நூற்றுக்கு நூறு பெண்களும் மீனுக்குக் குறையில்லை என்று சொன்னதாக மையம் அந்த ரிப்போர்ட்டில் அச்சடித்தது. மந்திரிகள் அதை மேற்கோள் காட்டினார்கள். மையத்துக்கு நன்கொடை கொடுப்பவர்களில் அந்தக் கம்பெனியும் உண்டு என்பது கடைசிப் பக்கத்தில், கண்ணாடி போட்டாலும் தெரியாத பொடி எழுத்தில் கிடந்தது. குளோரியின் மகள் ஷிபாதான் கண்டுபிடித்து வாசித்துச் சொன்னாள். கூலி கொடுத்தவனுக்குக் குழல் ஊதிவிட்டு அதற்கு ஆராய்ச்சி என்று பெயர் வைத்தால் வயிறெரியாமல் என்ன செய்யும்? குளோரி அனில்குமாரைத் தேடிப் போய்க் கேட்டதற்கு, "நீங்க சொன்னதத்தானே அக்கா எழுதினேன்" என்றாராம். அவர் சொன்னதும் பொய்யில்லை, அதுதான் கொடுமை.

போன வெள்ளிக்கிழமை காலை கருத்துக்கேட்புக் கூட்டம். பெண்கள் ஏலத்தில் எடுத்த மீனோடு நேரே வந்திருந்தார்கள். ஒருத்திக்கும் கைநீட்டம் ஆகவில்லை. அதிகாரி அந்த நாற்பத்தொன்றாம் பக்கத்தை வாசித்துவிட்டு, மறுப்பு உண்டா என்று கேட்டார். நிறைந்த சருவத்தைக் காலடியில் வைத்துக்கொண்டு குளோரி எழுந்து மைக்கை வாங்கினாள்.

"மீன் இல்ல சாரே. பாதிக்குப் பாதி இல்ல. மணலையும் அள்ளினா நாளைக்கு வள்ளம் ஏத்த கரையும் இல்ல."

பின்வரிசைப் பெண்கள் பதறிப்போய்ச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். குளோரி போடவில்லை. பக்கத்தில் இருந்த மீன்காரி பேபியிடம் மைக்கை நீட்டினாள். பேபி தன் மீனைப் பார்த்தாள், வேண்டாமென்று தலையாட்டினாள். குளோரி மைக்கை அவள் மடியில் வைத்துவிட்டு, அவள் வாயையே பார்த்தபடி உட்கார்ந்தாள்.